பாடகர் பாட்டும் சபையார் பாட்டும்

ஆண்டுதோறும் டிசம்பர் திங்களில் நம் காலனிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நடத்தும் பாட்டு ஆராதனைக்குச் சமய வேறுபாடின்றித் தமிழர் பலரும் சென்று வருகின்றனர். இளைஞர் குழுவினர் நான்கு குரலாகப் பிரிந்து பாடும் புதிய பாடல்களைக் கேட்டு மகிழாதார் இலர். ஆயினும் அம்மகிழ்ச்சி அடங்குமுன்னரே ஒரு வினா எழுந்துவிடுகிறது. இத்தகைய இசையை ஞாயிறுதோறும், வார நாட்களின் மாலைச் செபத்திலும் வைத்துக்கொண்டால் என்ன என்பர் இளையோர். அப்படியானால் நாங்கள் வாய் மூடி நிற்கவேண்டியதுதானா என்பர் முதியோர். இரு சாராரும் நம்மவரே. இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. இவ்வினா நம் காலனியில் பிறந்ததன்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகத் திருச்சபையில் இது கேட்கப்பட்டு வருகிறது. அவ்வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டு பேசினால் நம் பேச்சில் சூடு குறைந்து தெளிவு மிகும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலுற்றோம்.

கிறிஸ்தவர் அல்லாத அன்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நமது இசையில் எத்தனை பேர் கூடிப் பாடினும் அனைவரும் பாடுவது ஒரே இராகத்தையே. மேனாட்டுச் சேர்ந்திசையிலோ ஒரே வேளையில் நால்வகைக் குரல்கள் நான்கு வெவ்வேறு சுர வரிசைகளைப் பாடுகின்றன. பெண்களின் உச்சக் குரல் சோப்ரானோ. தாழ்ந்த குரல் ஆல்ட்டோ. ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், அடிக்குரல் பேஸ். நான்கும் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும்போது எழும் நிறைவு தனி அழகு வாய்ந்தது. அந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது நாலு காலில் ஒரு கால் ஒடிந்த கட்டில்தான். நூறு பேர் கூடிப் பாடும் பாட்டில் இருபது பேர் வராவிடினும் பாட்டுக்குக் குறைவில்லை. நாற்குரல் பாட்டில் டெனர் பாடும் ஒருவர் அன்று இரவுப் பணிக்குச் சென்றுவிட்டால் பாட்டே நில்லாது. இச்சிறு வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குச் செல்வோம்.

1324–25-ஆம் ஆண்டளவில், அவிஞ்ஞோன் நகரில் வீற்றிருந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் ஓர் ஆணை பிறப்பித்தார். அக்காலத்துப் புதுமுறைப் பாடகர்கள் பழைய வழிபாட்டு இராகங்களைத் துண்டு துண்டாக வெட்டுகின்றனர், சிறு சிறு சுரங்களைப் பொழிந்து மூலத்தை மறைக்கின்றனர், செவியை மயக்குகின்றனரேயன்றிப் பக்தியை வளர்க்கின்றாரில்லை என்பது அவ்வாணையின் சாரம். இன்று நம் காலனிப் பெரியவர் ஒருவர் கூறும் குறையும் ஏறக்குறைய இதுவேயன்றோ!

அவர் ஆணையால் பல குரல் இசை நின்றுவிடவில்லை. மேலும் மேலும் வளர்ந்தது. 1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரெந்து பொதுச்சங்கத்திலும் இவ்வழக்கு எழுந்தது. ஒரு குரல் ஒரு சொல்லையும் மற்றொரு குரல் வேறொரு சொல்லையும் ஒரே வேளையில் பாடுவதால் மறைமொழி மக்கள் செவிக்கு எட்டுவதில்லை என்று குறை கூறினர். பாலஸ்திரீனா என்னும் இத்தாலிய இசைப்புலவர் பாப்பரசர் மார்செல்லுஸ் பெயரால் இயற்றிய திருப்பலி இசையைக் கேட்ட பின்னரே குருமார் மனம் மாறினர், பல குரல் இசை பிழைத்தது என்றொரு கதை நெடுநாள் வழங்கிவந்தது. கதை இனிமையானதுதான், அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அவ்விசை 1567-ஆம் ஆண்டு அச்சேறியதும், அதில் சொற்கள் பெரும்பாலும் தெளிவாக ஒலிப்பதும் மெய். அம்மார்செல்லுஸ் 1555-ஆம் ஆண்டில் 22 நாட்களே பதவியில் இருந்து மறைந்தவர். அவர் பெயர் இன்றும் நிலைப்பது ஒரு பாட்டினாலேயே.

செருமனி நாட்டில் மார்ட்டின் லூத்தர் வேறு வழி கண்டார். 1524-ஆம் ஆண்டில் எட்டுப் பாட்டுகள் மட்டுமே அடங்கிய சிறு நூல் ஒன்று வெளிவந்தது. அவற்றுள் நான்கு லூத்தர் இயற்றியவை. தாய்மொழியில், தெருவில் நடப்பவனும் பாடக்கூடிய இராகத்தில் அமைந்தவை அவை. அதே ஆண்டில் அவருடைய நண்பர் யோவான் வால்தர் அத்தகைய பாட்டுகளைப் பல குரல்களுக்கு அமைத்து மற்றொரு நூலை வெளியிட்டார். அதற்கு லூத்தரே முன்னுரை எழுதினார். இளைஞர்கள் காமப் பாட்டுகளை விட்டு நல்ல பாட்டுகளைக் கற்கவேண்டும் என்பது அவர் விருப்பம். இங்கு நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. சபையார்க்கு ஒரு குரலிலும், பள்ளிப் பிள்ளைகளின் குழுவுக்குப் பல குரலிலும் அமைந்தது ஒரே பாட்டு. குழு பாடும்போது சபை அந்நியமாய் நிற்கவில்லை. தான் அறிந்த பாட்டே அணிகலன் பூண்டு வருவதைக் கண்டது.

ஜெனீவா நகரத்துக் கால்வின் இன்னும் கண்டிப்பானவர். கோயிலில் தாவீதின் சங்கீதங்கள் மட்டுமே, அவையும் ஒரே குரலில் மட்டுமே பாடப்பட்டன. அச்சங்கீதங்களுக்கு நான்கு குரல் அமைத்த கூடிமெல் என்பார், தம் 1565-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், இவை ஆலயத்தில் பாடுவதற்கல்ல, இல்லங்களில் இறைவனை மகிழ்ந்து பாடுவதற்கே என்று குறித்துள்ளார். நாமோ ஆலயத்தில் நான்கு குரலும் வீட்டில் மௌனமும் என்றாக்கிவிட்டோம்! இங்கிலாந்தில் கிரான்மர் பேராயர் 1544-ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னனுக்கு எழுதிய மடலில், வழிபாட்டு இசையில் இயன்றவரை ஓர் அசைக்கு ஒரு சுரமே அமையவேண்டும் என்று வேண்டினார்.

இனி, இசையுலகமே போற்றும் யோவான் செபஸ்தியான் பாக் அவர்களிடம் வருவோம். பாக் ஆர்ன்ஷ்டாட் என்னும் சிற்றூரில் ஆர்கன் வாசிப்பவராய் இருந்தபோது அவருக்கு வயது இருபது. 1706-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருச்சபை அதிகாரிகள் அவரை அழைத்துக் கண்டித்தனர். சபையார் பாடும் ஞானப்பாட்டுக்கு வாசிக்கும்போது விசித்திரமான மாறுதல்களையும் அயலான சுரங்களையும் கலக்கின்றீர், சபை குழம்பிப்போகிறது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பிற்காலத்தில் உலகமே வியந்த கலைஞரின் கையும் அன்று பாடும் மக்களுக்கு இடையூறாயிற்று. இதனால் பாக் சிறியவர் ஆகிவிடவில்லை. அதிகாரிகளும் அறிவிலிகள் அல்லர். கலைஞன் தன் கையை எங்கு அடக்கவேண்டும் என்பதே அங்கு எழுந்த வழக்கு.

பின்னர் லைப்சிக் நகரில் பணியாற்றுகையில், 1730-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நகர மன்றத்துக்குப் பாக் ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒழுங்கான கோயில் இசைக்கு ஒரு குழுவில் குறைந்தது 12 பாடகர் வேண்டும், 16 பேர் இருப்பின் நலம் என்றார். காரணம் என்ன தெரியுமா? அடிக்கடி யாரேனும் நோயுறுகின்றனர். ஆள் மிகுதியாக இருந்தால்தான் பாட்டு நிற்கும் என்றார். தம்மிடமிருந்த 54 மாணவரில் 17 பேர் பயன்படுவர், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் உதவார் என்று பேர்வாரியாகக் கணக்கும் காட்டினார். நான்கு ஆலயங்களுக்கு அவர் பாடகரை அனுப்பவேண்டியிருந்தது. இசை அறியாது ஞானப்பாட்டு மட்டும் ஒருவாறு பாடத்தெரிந்தவர்களைப் பேதுரு ஆலயத்துக்கு அனுப்பினார். எவ்வளவு பெரிய நகரம், எத்தகைய பள்ளி, எத்தகைய ஆசிரியர்! அங்கேயே ஆள் போதவில்லை. பணிமாற்ற உத்தரவு வந்தால் பத்து நாளில் மூட்டை கட்டும் நம் காலனிக் குடும்பங்களை வைத்து வாரந்தோறும் புதிய நாற்குரல் பாட்டை நடத்துவது எங்ஙனம் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாள்தோறும் சேர்ந்திசையோடு வழிபாடு நடைபெறும் இடங்களும் உலகில் உண்டு. இங்கிலாந்துப் பேராலயங்களில் மாலை வழிபாடு பாடகர் குழுவாலேயே பாடப்படுகிறது. வந்தோர் பெரும்பாலும் கேட்டு நிற்பர். அது அன்றாட வழிபாடே, அழகிய வழிபாடே. ஆனால் அதன் பின்னே நிற்பவை அறக்கட்டளையும் பாடசாலையும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னன் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே 16 சிறுவர் பாடகருக்கு ஏற்பாடு செய்து வைத்தான். நம் நாட்டுச் சிவாலயங்களில் ஓதுவாரைக் கோயிலே ஆதரித்து, அவர் தேவாரம் பாட, அடியார் கேட்டு உருகுவது போன்றதே இதுவும். ஓதுவார் முறையையும் நாம் போற்றுகிறோம். மார்கழி விடியலில் தெருவெல்லாம் சேர்ந்து பாடும் பஜனையையும் போற்றுகிறோம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யமாட்டாது.

பாக் கண்டிக்கப்பட்ட அதே 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், சீகன்பால்க் என்னும் செருமானிய இளைஞர் தம் தோழர் புளுச்சோவுடன் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். இங்கிருந்து நம் தமிழ்க் கதை தொடங்குகிறது. தரங்கம்பாடி மிஷனுக்கு ஊட்டமளித்தது செருமனியிலுள்ள ஹாலே நகரம். அந்நகரில் 1704-ஆம் ஆண்டு பிரைலிங்ஹவுசன் என்பார் ஒரு ஞானப்பாட்டு நூல் வெளியிட்டிருந்தார். அதிலுள்ள புதிய இராகங்கள் துள்ளுகின்றன, நடனத்துக்கு ஒத்தவை, வழிபாட்டுக்கு உகந்தவையல்ல என்று விட்டன்பர்க் இறையியல் ஆசிரியர்கள் கண்டித்தனர். அக்கண்டனம் 1716-ஆம் ஆண்டு அச்சாகியும் வந்தது. இன்று நம் முதியோர் பழமையின் சிகரமென்று போற்றும் செருமானிய ஞானப்பாட்டு மரபிலும் ஒரு பகுதி அன்று புதுமை என்று இகழப்பட்டதே என்பதை அறிக.

தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. செருமானியப் பாட்டுகளும் தமிழாக்கப்பட்டு, அவற்றின் சொந்த இராகங்களிலேயே பாடப்பட்டன. பின்னர்ச் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றி 1791-ஆம் ஆண்டு மறைந்த பப்ரிஷியஸ் ஐயர் இப்பணியைப் பெரிதும் வளர்த்தார். இன்று சபைகளில் பாமாலை என வழங்கும் பாட்டுத் திரட்டுக்கு வேர் இவையே. பக்தியில் குறைவற்றவை, எனினும் செவிக்கு ஒரு நெருடல் உண்டு. தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றுவது. வரம் வேறு, வாரம் வேறு. படு வேறு, பாடு வேறு. மேனாட்டு இராகத்தில் சுரம் எங்கு நீளவேண்டும் என்பது முன்னமே வரையறுக்கப்பட்டது. அந்த இடத்தில் தமிழ்க் குறில் வந்து விழுந்தால் அதையும் நீட்டித்தான் ஆகவேண்டும். வரம் கேட்கப்போன பக்தன் வாரம் கேட்டுத் திரும்புவான்! முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து நோட்டுச் சுர சாகித்தியங்கள் இயற்றியபோது இத்தொல்லை பெரிதாகத் தோன்றவில்லை. அவர் சொல்லையும் சுரத்தையும் ஒருங்கே எடை போட்ட மேதை. மொழிபெயர்ப்பாளர்க்கோ மூலத்தின் பொருளும் ஒரு சுமை.

இந்நெருடலைத் தீர்க்கப் பிறந்தவர் என்று சொல்லத்தக்கவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் தஞ்சையில் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோசியும் அதே சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. சாஸ்திரியார் வாழ்ந்த தஞ்சை எத்தகையது! திருவையாற்றில் தியாகையர் பாடிக்கொண்டிருந்தார். சியாமா சாஸ்திரிகளும் தீட்சிதரும் அக்காலத்தவரே. சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் மக்கள் நாவில் வழங்கின. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பும், குறவஞ்சி நாடகமும் அன்றைய புத்திசை. அவற்றையே சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். பெத்லேகேம் குறவஞ்சி பாடினார். ஆராதனைக்கென எண்ணற்ற கீர்த்தனைகள் பாடினார். பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபை வாங்கிப் பாடலாம். எழுத்தறியாத கிழவியும் மூன்றாம் முறை பல்லவி வரும்போது கலந்துகொள்வாள். அச்சுப் புத்தகம் வேண்டா, ஆர்கன் வேண்டா, ஒரு ஜாலரா போதும்.

ஆயினும் இக்கீர்த்தனைகளுக்கு எதிர்ப்பு வந்தது. 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிமார் சிலர், இவ்விசை ஆலய வழிபாட்டுக்குத் தகாது என்று விலக்க முற்பட்டனர். சாஸ்திரியார் பொறுக்கவில்லை. புதிய மிஷனெரிமார் தஞ்சைச் சபையாருக்கு இழைத்த நான்கு கொடுமைகள் என எழுதி முறையிட்டார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, திருவிருந்தில் சாதியாரைக் கலந்து உட்காரச் செய்தது, மணத்திலும் பிணத்திலும் பூக்களை விலக்கியது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையினின்று அகற்றியது என்பன அவை. இவற்றுள் சாதியைக் காக்க அவர் கூறிய வாதத்தை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். பாட்டைக் காக்க அவர் கூறியதை இருகையாலும் ஏற்போம். பெரியோரையும் பகுத்தே பின்பற்றவேண்டியிருக்கிறது.

வழக்கு எங்ஙனம் தீர்ந்தது? காலம் தீர்த்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்னும் பாதிரியார் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டினார். அவற்றில் சாஸ்திரியாருடையவை பெரும்பான்மை. அத்திரட்டு 1853-ஆம் ஆண்டு வெளிவந்தது. முதுமையில் இருந்த சாஸ்திரியார் அதைக் காண வாழ்ந்திருந்தார். ஒரு தலைமுறைக்கு முன் ஆலயத்துக்கு ஆகாதெனப்பட்டது, அச்சேறி ஆலயத்திற்கென்றே வந்தது. இன்று தமிழ்ப் புராட்டஸ்தாந்த சபைகளில் பாமாலை ஒன்று, கீர்த்தனை ஒன்று என இரு புத்தகங்களும் அருகருகே இருப்பதை யாவரும் அறிவர்.

நாற்குரல் இசை தமிழ்நாட்டில் பரவியது இதன் பின்னர்தான். மிஷன் பள்ளிகளும் போதனா முறைப் பாடசாலைகளும் அதற்கு நிலைக்களம். கர்வன் என்னும் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பரப்பிய தோனிக் சொல்பா என்னும் எழுத்து முறை, மேனாட்டு இசைக்குறிகளைப் படிக்க அறியாதாரும் நான்கு குரலைக் கற்க வழி செய்தது. நமது ச ரி க ம போலவே அதுவும் எழுத்தால் சுரத்தைக் குறிப்பதாதலின் நம்மவர்க்கு அது எளிதாயிற்று. சென்னையில் 1893-ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் சேர்ந்திசைக்கு அந்நகரில் ஒரு நிலையான இடம் தந்தது. மற்றொரு பக்கம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவராயிருந்தே தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து 1917-ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரே திருச்சபைக்குள் இவ்விரு நாட்டமும் அடுத்தடுத்து வளர்ந்தன.

இவற்றை ஒட்டிப் பிணைத்தால் என்ன என்று பலர் முயன்றுள்ளனர். கீர்த்தனைக்கே நாற்குரல் அமைப்பதில் ஓர் இடர் உண்டு. நம் இராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அசைவில் இருக்கிறது. கீழே மூன்று குரல்கள் நிலையாக நிற்க, மேலே ஒரு குரல் வழுக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆதலின் கமகத்தை நிமிர்த்திக் கோடு போட்டாற்போல் பாடவேண்டியதாகிறது. தோடியையும் முகாரியையும் அங்ஙனம் நிமிர்த்தினால் எஞ்சுவது எலும்பே. சங்கராபரணம், மோகனம் போன்றவற்றில் அமைந்த எளிய கீர்த்தனைகளோ தாங்கிக்கொள்கின்றன. இளைஞர்கள் புதிய சேர்ந்திசை அமைக்கும்போது இத்தகைய இராகங்களைத் தெரிந்தெடுப்பாராயின் பாட்டும் பிழைக்கும், சபையும் உடன்பாடும்.

இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு இசைப்புலவர்களில் சிறந்தோர் சிலரும் இவ்வினாவை எண்ணிப் பார்த்தவர்களே. 1953-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் இலண்டனில் இரண்டாம் எலிசபெத்து அரசியின் முடிசூட்டு விழா நடந்தபோது, வாகன் வில்லியம்ஸ் என்பார் பாடகர் குழு, எக்காளங்கள், ஆர்கன் ஆகியவற்றோடு கூடியிருந்த மக்களும் எழுந்து பாடுமாறு ஒரு ஞானப்பாட்டை அமைத்தார். அவர் எடுத்துக்கொண்டது 1551-ஆம் ஆண்டு ஜெனீவாவில் வெளிவந்த பழைய சங்கீத இராகம். கால்வின் ஒரு குரலுக்குமேல் ஒவ்வாத அதே இராகம்! பெஞ்சமின் பிரிட்டன் என்பவர் 1948-ஆம் ஆண்டின் புனித நிக்கொலாஸ் இசையிலும், 1958-ஆம் ஆண்டின் நோவாவின் வெள்ளம் என்னும் இசை நாடகத்திலும், பயின்ற குழுவினரின் கடினமான பாட்டுகளுக்கு நடுவே வந்திருப்போர் அனைவரும் எழுந்து பாட ஞானப்பாட்டுகளை வைத்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாடகர் குழுக்களை வளர்க்குமாறு கூறிய அதே மூச்சில், மக்கள் தம் பங்கைப் பாடுவதற்கு ஆயர்கள் வழிசெய்யவேண்டும் என்றும் கூறிற்று; அந்தந்த நாட்டு இசை மரபுக்கு உரிய மதிப்பும் தரச் சொல்லிற்று. திருப்பலியில் தமிழ்ப் பாட்டு மக்கள் வாயில் பெரிதும் வழங்கியது அதன் பின்னரே.

இவை எல்லாவற்றினும் நமக்குப் பெரிதும் உகந்ததாய்த் தோன்றுவது பிரான்சு நாட்டுத் தேசே என்னும் சிற்றூர்த் துறவியர் கண்ட வழி. 1940-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சமூகத்தை நாடிப் பல நாட்டு இளைஞர் திரளாக வரத் தொடங்கினர். ஒருவர் மொழி மற்றொருவர்க்குத் தெரியாது. ஒத்திகைக்கு நேரமும் இல்லை. 1970-களில் ழாக் பெர்த்தியே என்னும் இசைப்புலவர் அவர்களுக்காக மிகச் சிறிய பாட்டுகளை அமைத்தார். இரண்டொரு வரியே, அதையே மீண்டும் மீண்டும் சபை நான்கு குரலிலோ ஒரு குரலிலோ பாடும். அதன்மேல் பயின்றவர் ஒருவர் தனி வரிகளைப் பாடுவார். பாடகர் வந்தால் அழகு கூடும், வராவிட்டால் குறையொன்றுமில்லை. நம் நாமாவளியை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

கீர்த்தனையே எல்லார்க்கும் உரியது என்று நாம் மார்தட்டவும் இடமில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கருநாடக இசை மரபில் அமைந்த கீர்த்தனையும் கிராமத்து ஏழை மக்களுக்கு அயலானதே என்று வாதித்தார். நாட்டுப்புற மெட்டிலேயே முழு வழிபாட்டு முறையையும் அமைத்துப் பாடிக்காட்டினார். நாட்டுப்பாட்டைப் பாடுவோர் தம் வாய்க்கேற்பத் திருத்திக்கொள்ளலாம், அதனால் அது அவர்களுக்குச் சொந்தமாகிறது என்பது அவர் கொள்கை. அவருடைய பாட்டுகளையும் ஆலயத்துக்கு ஆகா என்றவர்கள் உண்டு. எழுநூறு ஆண்டாகக் கேட்ட குரலன்றோ!

ஆகவே புதியது என்பதற்காகவோ பல குரல் என்பதற்காகவோ ஒரு பாட்டை அன்றாட வழிபாட்டுக்கு ஆகாதென்று தள்ளுவது வரலாறு அறியாதார் செயல். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பாடகர் குழு இல்லாத புதன்கிழமை மாலையில், குவார்ட்டர்சின் முன்னறையில், தாயும் பிள்ளையும் பாட்டியும் மட்டும் பாய் விரித்து அமர்ந்திருக்கையில் அந்தப் பாட்டு உயிரோடு இருக்குமா? இருக்குமாயின் அது அன்றாட வழிபாட்டுக்கு உரியது. இராதாயின் அதைத் திருநாளுக்கு வைத்துக்கொண்டு மகிழ்வோம். கிங்ஸ் கல்லூரியின் ஒன்பது பாடங்களும் பாட்டுகளும் அடங்கிய ஆராதனை 1918-ஆம் ஆண்டு தொட்டு நடந்துவந்து உலகப் புகழ் பெற்றது. அது ஆண்டுக்கு ஒருமுறை என்பதும் அப்புகழுக்கு ஒரு காரணமாகலாம்.

இவ்வளவும் நாம் வற்புறுத்துவதற்கு, தமிழ்நாட்டில் இல்லாத ஒரு காரணம் இங்கு உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தெருவில் பேசுவது இவ்வூர் மொழி. அவர்கள் தமிழை வாய்விட்டு ஒலிக்கும் இடங்கள் மிகச் சிலவே; வழிபாட்டுப் பாட்டு அவற்றுள் ஒன்று. ழகரமும் ளகரமும் அவர்கள் நாவில் திருந்துவது பல்லவியைப் பத்து முறை பாடும்போதுதான். சைவ வைணவக் குடும்பங்களுக்குத் திருப்பாவையும் திருவெம்பாவையும் செய்யும் பணியைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கீர்த்தனை செய்கிறது. அங்குப் பன்னிருவர் பாட மற்றையோர் கேட்பது என்றாகிவிட்டால், எட்டு வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது கைதட்டுதல் மட்டுமே.

குழுவினர் சோர்வுற வேண்டா. அவர்களுக்கு வேலை குறையாது, கூடும். மாதம் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்து, ஆராதனைக்கு முன் கால் மணி நேரம் சபைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பல்லவியைச் சபைக்கு விட்டுச் சரணத்தைக் குழு நான்கு குரலில் பாடலாம். மேலும் ஒரு பணி உடனே செய்யத்தக்கது. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகப் பெயரும் தாளப் பெயரும் இருக்கின்றன, மெட்டு இல்லை. மெட்டு இருப்பது முதியோர் தொண்டையில். நம் காலனியில் அம்மெட்டுகளை நன்கறிந்தோர் சிலரே. அவர்களும் பணி ஓய்வு பெற்று ஒவ்வொருவராய் ஊர் திரும்புகின்றனர். நாற்குரல் பாட்டைக் கைபேசியில் கேட்டுக் கேட்டுக் கற்கும் இளைஞர்கள், அதே கைபேசியோடு இப்பெரியோர் வீட்டுக்கு ஒரு ஞாயிறு பிற்பகல் சென்று, பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளட்டும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் இவர்களில் இருவர் திருநெல்வேலிக்கும் ஒருவர் நாகர்கோவிலுக்கும் சென்றுவிடுவர்.